காட்டில் பிளாக் விடோ சிலந்தியை அடையாளம் கண்டு படம் எடுப்பது எப்படி?

கலிஃபோர்னியா, அரிசோனா பக்கம் நடைபயணம் போகும்போது பிளாக் விடோ என்ற நச்சுச் சிலந்தியை உறுதியாக அடையாளம் காண வழி உண்டா, கடி வாங்காமல் நல்ல படம் எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் முடியும், பகலில் தேடாமல் இருந்தால்.

பகலில் இந்தச் சிலந்தி இடுக்கில் பதுங்கிக் கிடக்கும். கல்லைப் புரட்டுகிறவர்களும் விறகைக் கையால் அள்ளுகிறவர்களும்தான் பெரும்பாலும் கடிபடுகிறார்கள். நன்றாக இருட்டியபின் அதுவே வெளியே வந்து வலையில் தலைகீழாகத் தொங்கும். முக்கியமான சிவப்புக் குறி இருப்பதோ வயிற்றின் அடிப்பக்கம். தலைகீழாகத் தொங்குவதால் அது மேல்நோக்கி இருக்கும். வலையும் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கும் என்பதால் குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். குச்சியால் திருப்பிப் பார்க்கும் வேலையே இல்லை. அடையாளம் கேட்டு வரும் படங்களில் பல பயன்படாமல் போவது, கறுப்பு முதுகை மட்டும் காட்டுவதால்தான்.

எலிப்பொந்தின் வாய், பாறை வெடிப்பு, விறகுக் குவியல், பூங்கா பெஞ்சின் அடிப்பக்கம், தண்ணீர் மீட்டர் பெட்டி, கான்கிரீட் கல் சுவரின் துளைகள் ஆகியவற்றில் தேடுங்கள். சிலந்தியைவிட வலை முதலில் கண்ணில் படும். வட்டமோ ஒழுங்கோ இல்லாமல், கண்டபடி இழுத்துக் கட்டியது போல இருக்கும். அதிலிருந்து தரைக்கு விறைப்பாக இறங்கும் இழைகளைக் கவனியுங்கள். அடியில் பசைத் துளிகள் இருக்கும், நடந்து போகும் பூச்சி அதில்தான் மாட்டும். இழை இந்த அளவுச் சிலந்திக்கு நம்ப முடியாத வலு. அறுத்தால் மெல்லிய படபடப்புச் சத்தம் கேட்கும். படம் எடுக்கப்போகும் வலையில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள், சிலந்தி உள்ளே ஓடிவிடும்.

கலிஃபோர்னியா, அரிசோனாவில் இருப்பது லாட்ரோடெக்டஸ் ஹெஸ்பெரஸ் என்ற மேற்கத்திய பிளாக் விடோ இனம். முதிர்ந்த பெண்ணின் உடல், கால்களைச் சேர்க்காமல், 8 முதல் 13 மி.மீ. உருண்டையான, பளபளக்கும் கறுப்பு வயிறு. அடியில் உடுக்கை வடிவில் சிவப்புக் குறி. பெரும்பாலும் உடுக்கை முழுசாக இருக்கும். ஆனால் இடுப்பில் அறுந்து இரண்டாக நிற்பதும், வெறும் புள்ளியாகச் சுருங்கிப்போவதும் உண்டு. அதனால் வடிவத்தை மட்டும் வைத்து இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. குஞ்சுகளும் ஆண்களும் இன்னும் குழப்பும்: பழுப்பு உடல், வெளிர் கோடுகள், வரிவரியான கால்கள். ஆண் பெண்ணில் பாதிகூட இருக்காது.

தவறாகப் பிளாக் விடோ என்று சொல்லப்படுவது அதிகமும் ஸ்டியடோடா க்ரோஸா என்ற வேறொரு சிலந்தி. உருவம் அப்படியே இருக்கும், ஆனால் நிறம் ஊதா கலந்த சாக்லேட் பழுப்பு, அடியில் சிவப்பு கிடையாது, வயிற்றின் முன்விளிம்பில் வெளிர் பிறைக்கோடு இருக்கலாம். முகத்தை நெருக்கமாக எடுத்த படம் இருந்தால் சந்தேகமே வராது. எட்டுக் கண்களில் பக்கவாட்டில் உள்ள ஜோடி ஸ்டியடோடாவில் ஒட்டிக்கொண்டிருக்கும், விடோவில் தள்ளித்தள்ளி நிற்கும். தெற்கு கலிஃபோர்னியாவில் இப்போது பிரவுன் விடோ என்ற பழுப்பு நிற உறவினமும் ஏராளம். அதன் உடுக்கை ஆரஞ்சு நிறம். அதைவிட நல்ல அடையாளம் முட்டைப்பை: பிரவுன் விடோவுடையது முள்முள்ளாக இருக்கும், பிளாக் விடோவுடையது வழுவழுப்பான, காகிதம் போன்ற பை.

இனி படம். 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ் போதும். 1:1 அளவிலும் (சிலந்தி தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும் நெருக்கம்) லென்ஸ் முனைக்கும் சிலந்திக்கும் பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கிடைக்கும். ஆனால் 1:1 போகாதீர்கள். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் லென்ஸ் துளையை எஃப் 11 வைத்தால் அங்கே கூர்மையாக விழும் ஆழம் சுமார் 1.3 மி.மீ.தான், வயிறோ உருண்டை. 1:2 அளவில் (பாதி அளவு) அதே எஃப் 11 ஏறக்குறைய 4 மி.மீ. ஆழம் தரும், பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். உடுக்கைக் குறிக்கு நேர் எதிராக, இணையாக லென்ஸைப் பிடியுங்கள். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி ஃபோகஸ் பிடிப்பதே எளிது. காற்றில் வலை ஆடும் இரவில் ஃபோகஸ் ஸ்டாக்கிங்கை (பல ஃபோகஸில் எடுத்த படங்களை ஒன்றாக இணைப்பதை) மறந்துவிடுங்கள்.

உண்மையான தொல்லை அந்தப் பளபளப்பு. வயிறு கண்ணாடி மாதிரி. ஃபிளாஷ், ஹெட்லேம்ப் எல்லாம் அதில் வெள்ளைப் பொட்டாக விழும். ஃபிளாஷ் ஒளியைப் பரப்பும் டிஃப்யூசரை அகலமாக வைத்து, வலையில் படாத அளவுக்குச் சிலந்திக்கு எவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கொண்டுபோங்கள். பொட்டு கரைந்து மென்மையான ஒளிப்பட்டையாக மாறும். ஷட்டர் 1/160 அல்லது 1/200, ஐஎஸ்ஓ 200 முதல் 400. ஃபிளாஷ் தானியங்கி முறையில் இருந்தால் கறுப்பை நம்பி வெளிச்சத்தைக் கூட்டிவிடும், அதனால் ஒரு ஸ்டாப் வரை (அதாவது பாதி வெளிச்சம் வரை) குறையுங்கள். கேமரா திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரியும்போதே சிவப்பு உச்ச அளவில் முட்டி, உடுக்கை விவரமே இல்லாத திட்டாகிவிடும். கறுப்புச் சிலந்திக்குப் பின்னால் கறுப்பு இருட்டு வந்தால் கால்கள் மறைந்துபோகும். பின்னால் பாறையோ மண்ணோ அருகில் வரும் கோணமாகத் தேர்ந்தெடுங்கள்.

தேடும்போது வெள்ளை விளக்கு, கண்டபின் சிவப்பு விளக்கு. நேர் வெளிச்சத்தைவிட உங்கள் மூச்சுக்காற்று அதை விரட்டும், முகத்தைச் சற்றுத் திருப்பி மூச்சு விடுங்கள். உள்ளே போய்விட்டால் விளக்கை அணைத்துக் காத்திருங்கள், பெரும்பாலும் திரும்பி வரும். போனில் எடுப்பவர்கள் மேக்ரோ மோடைத் தவிர்த்து தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸைப் பயன்படுத்துங்கள். மேக்ரோ மோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்கச் சொல்லும்.

இது துரத்தாது, பாயாது. பெரும்பாலும் நசுங்கினால்தான் கடிக்கும். எனவே பயப்பட வேண்டியது கேமராவுக்கு முன்னால் இருக்கும் சிலந்திக்கு அல்ல, முழங்கை ஊன்றும் இடத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு. மண்டியிடும் முன் தரையை விளக்கடித்துப் பாருங்கள். ஒரே சுவரில் பல இருப்பது சாதாரணம், அதே பாறையடியில் தேளும் ராட்டில் பாம்பும் இருக்கலாம். கழற்றி வைத்த கையுறை, பையை உதறாமல் எடுக்காதீர்கள்.

கடித்துவிட்டால் சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். இறுக்கிக் கட்டுவதோ கீறுவதோ கூடாது. உடனே அமெரிக்க நச்சு உதவி எண் 1-800-222-1222ஐ அழையுங்கள். வயிறு அல்லது முதுகுத் தசை இறுகி வலிப்பது, கடுமையாக வியர்ப்பது தொடங்கினால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாவு மிக அரிது, வலி அப்படியல்ல. குழந்தை, முதியவர், கர்ப்பிணி என்றால் அறிகுறி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.