கைப்பிடி அரிசி

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். என் கணவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. மாமியார் பக்கவாதத்தில் படுக்கையில் இருக்கிறார். சபையின் பெண்கள் கூடுகையில், நன்றி சொல்ல வேண்டிய பத்துக் காரியங்களைத் தினமும் இரவு நோட்டில் எழுதச் சொன்னார்கள். மூச்சு, வெளிச்சம், தண்ணீர் என்று எழுதுகிறேன். மனதில் ஒன்றும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் எங்களைவிட மோசமாகக் கிடக்கிறவர்களைப் பார்க்கும்போது மட்டும் நன்றி வருகிறது, வீட்டுக்கு வந்ததும் போய்விடுகிறது. எதிர்வீட்டு அக்கா காலையில் இட்லி கொண்டுவந்து மாமியாருக்கு ஊட்டிவிடுவதால்தான் நான் வேலைக்குப் போக முடிகிறது. 'எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்' என்ற வசனத்தின்படி எப்படி வாழ்வது?

ஆர்., தூத்துக்குடி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலை லூக்கா 18-ஆம் அதிகாரத்தை வாசித்து, அதே யோசனையில் இருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

நோட்டு விஷயம் சின்னது. பிடித்தவர்கள் எழுதட்டும், உங்களுக்கு வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வசனத்தைப் பொறுத்தவரை, அதை எழுதிய அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே என்ற பட்டணத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற வேண்டி வந்தவர். இந்த வசனம் உள்ள கடிதம் போனதும் அதே ஊரில் உபத்திரவத்தில் இருந்த சபைக்குத்தான்.

ஆனால் ஆஸ்பத்திரி விஷயத்தை நான் விடப்போவதில்லை. அந்த லூக்கா 18-இல் இயேசு சொன்ன கதையில், வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளுகிற பரிசேயன் ஒருவன் தேவாலயத்தில் நின்று ஜெபித்தானே, அவன் ஜெபத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஒரு விண்ணப்பம் கிடையாது, முறையீடு கிடையாது. அவன் வாயெடுத்ததே ஸ்தோத்திரம் சொல்லத்தான். 'இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்.' ஆயக்காரன் என்றால் வரி வசூலிக்கிறவன், ஜனங்கள் பாவி என்று ஒதுக்கிய ஆள். பக்கத்தில் ஒருவன் தாழ்ந்து நின்றால்தான் அவனுக்கு நன்றியே வருகிறது. நம் பிரசங்கங்களிலும் இதைத்தானே சொல்கிறார்கள்? 'செருப்பு இல்லையென்று அழாதே, கால் இல்லாதவனைப் பார்.' கால் இல்லாத அந்த மனுஷன் அதே ஆராதனையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். அவன் யாரைப் பார்த்து நன்றி சொல்ல? உங்கள் மாமியாரை ஒருத்தி வந்து பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் 'ஆண்டவரே, எங்கள் மாமியார் எழுந்து நடமாடுகிறார்களே, ஸ்தோத்திரம்' என்று ஜெபித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் செய்ததும் அதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. நானும் பல வருஷம் அப்படித்தான் ஜெபித்தேன்.

என் அம்மா அப்படி ஜெபித்துக் கேட்டதில்லை. நம் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். உலைக்கு அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்து ஊழியத்துக்கென்று தனியாகப் போட்டுவைப்பது. மிசோரமில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910-இல் தொடங்கியது இன்றைக்கும் நடக்கிறது, 'பூஃபாய் தாம்' என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பழைய பால்பவுடர் டின். அம்மா உழக்கால் அளந்து சொளகில் கொட்டி, கல் பொறுக்கிவிட்டு ஒரு பிடி அள்ளுவாள். மாத ஆரம்பத்தில் டின்னில் கலகலவென்று விழும். கடைசி வாரத்தில் சத்தமே கேட்காது.

அப்பாவுக்கு வேலை நின்ற வருஷம் அரிசி கடைக்கடன். அப்போதும் பிடி எடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "கடன் அரிசியில என்ன காணிக்கை?" என்று கத்தினேன். அவள் பதில் சொல்லவில்லை. கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பிடி சின்னதாகியிருந்தது. விரல்களை இறுக்க மடக்கி, உள்ளங்கைக் குழியில் நிற்கிற அளவுதான் எடுத்திருந்தாள். அதைப் போட்டுவிட்டு, அரிசி களைந்துகொண்டே, "என்ன ஆண்டவரே, இப்படிப் பண்ணிப்புட்டீரே, இந்தப் பிள்ளைகளுக்கு நான் என்னத்தச் செய்ய?" என்று அழுதாள். இரண்டும் ஒரே அடுப்பங்கரையில், கால் மணி நேரத்துக்குள். 13-ஆம் சங்கீதமும் அப்படித்தானே? 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்கி, ஆறாம் வசனத்தில் 'அவரைப் பாடுவேன்' என்று முடிகிறது. உங்கள் மனம் அசையாததைக் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

அப்புறம் ஒன்று, இதைக் கண்டிப்பாகவே கேட்கிறேன். மூச்சு, வெளிச்சம், தண்ணீர் என்று எழுதினீர்களே, இட்லி கொண்டுவருகிற அக்கா அந்த நோட்டில் எங்கே? எனக்கு எழுதிய கடிதத்திலும் போகிற போக்கில் ஒரே வரி. இயேசு சுகமாக்கிய குஷ்டரோகிகள் பத்துப் பேரில் அந்நியனான அந்தச் சமாரியன் ஒருவன்தான் போன வழியிலிருந்து திரும்பி, ஆளைத் தேடி வந்து, காலில் விழுந்து சொன்னான். உங்களுக்கு அவ்வளவு தூரம் கூட இல்லை, தெருவைத் தாண்டினால் போதும். நாளைக்கு அந்த அக்கா வருவதற்கு முன்னால் நீங்கள் போங்கள். இட்லி வந்த பாத்திரத்தைக் கழுவி வெறுமனே கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் வேறொன்றும் இல்லையென்றால் கொஞ்சம் சீனியாவது போட்டுக் கொண்டுபோங்கள்.