மைதானமா, மலையா? குன்னூர் மாஸ்டர் பதில்கள்

கோத்தகிரியிலிருந்து: மாஸ்டர், போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். தினமும் எஸ்டேட் ரோட்டில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். மைதானத்துக்கும் போக வேண்டுமா?

போகணும் தம்பி. தேயிலைக்காட்டு மேட்டில் தினமும் ஏறி இறங்குகிறவனுக்கு மூச்சு குறையாது. உன்னிடம் இல்லாதது வேகக் கணக்கு. மேட்டில் கால் தானாகத் தளரும், இறக்கத்தில் தானாக உருளும். ஒரே வேகத்தைப் பிடித்து வைக்கும் பழக்கம் வராது.

400 மீட்டர் மைதானத்தில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடம் என்றால் சுற்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. நம் பையன்கள் முதல் சுற்றை ஒன்றரை நிமிடத்துக்குள் பறந்துவிட்டு, மூன்றாவதில் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வருஷா வருஷம் பார்க்கிறேன். நீ வாரம் ஒரு நாள் மைதானத்துக்குப் போய், சுற்றுக்கு 1 நிமிடம் 48 விநாடி என்று நாலு சுற்று ஓடு. நடுவில் இரண்டு நிமிடம் நடை. வாட்ச் பார்க்காமலே 48 வந்து விழும்வரை இதுதான் பாடம். மற்ற நாளெல்லாம் எஸ்டேட் ரோடே போதும்.

ஓடுவது உள்தடத்தில். எட்டாவது தடத்தில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர். அங்கே ஓடிவிட்டு ‘டைமிங் வரலையே’ என்று என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு.

சென்னையிலிருந்து: சார், ஊரில் 10 கிலோமீட்டரை 55 நிமிடத்தில் ஓடுவேன். ஊட்டிக்கு வந்தால் நாக்குத் தள்ளுகிறது. வயசாகிவிட்டதா?

வயசில்லை சார், காற்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்கே 10,000 மீட்டரில் தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி டெமுவுக்கு 29 நிமிடம் 27 விநாடி ஆனது. அன்றைய உலக சாதனை 27 நிமிடம் 39 விநாடி. அந்தச் சாதனைக்குச் சொந்தக்காரரான ரான் கிளார்க் ஆறாவதாக வந்து மயங்கி விழுந்தார். அதே ஊரில் ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். மெல்லிய காற்று எதிர்ப்பது குறைவு. பத்து விநாடி ஓட்டத்துக்கு மூச்சும் பெரிதாகத் தேவையில்லை. நீண்ட ஓட்டத்தில்தான் அது வட்டியோடு வசூலிக்கும்.

முதல் மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். வாட்சை ரூமில் வைத்துவிட்டு வாருங்கள்.

கூடலூரிலிருந்து: மலையேறி ஓடினால் வலிப்பதில்லை. இறங்கி ஓடினால் மறுநாள் படியிறங்க முடியவில்லை. ஏன் சார்?

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறதும்மா. இறங்கும்போது நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. அதில் தசைநார்கள் நுணுக்கமாகச் சிதையும். வலி ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மைதானத்திலேயே ஓடுகிறவர்களுக்கு இந்த அடி பழக்கமில்லாததால், இங்கே வந்த முதல் இறக்கத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். மலைப்பாதை டிரைவர்கள் சொல்வார்களே, ஏறின கியரிலேயே இறங்கு என்று? அதேதான். குட்டிக் குட்டி அடியாக வை, பின்னால் சாயாதே. சின்ன இறக்கமாக ஒருமுறை வலியைப் பட்டுவிட்டால், அடுத்த முறை பாதிகூட வலிக்காது.

குன்னூரிலிருந்து: முட்டிக்கு எது நல்லது?

சிந்தெடிக் தடம் தாரைவிட மெத்து. ஆனால் எப்போதும் இடப்பக்கமே வளைவதால் இரண்டு காலுக்கும் ஒரே பளு விழாது. ஆள் இல்லாத நேரத்தில் வார்ம்-அப்பை எதிர்த்திசையில் ஓடு.

கோத்தகிரியிலிருந்து மீண்டும்: விடியற்காலை 5 மணிக்கு எஸ்டேட் வழியாக ஓடலாமா மாஸ்டர்?

வேண்டாம். வெளிச்சம் வரட்டும். காதில் எதையும் மாட்டாதே. காட்டுமாடும் கரடியும் ஹாரன் அடித்துக்கொண்டு வராது. காட்டுமாட்டைப் பார்த்தால் ஓட்டத்தை நிறுத்தி, மெதுவாகப் பின்வாங்கி, அது போகும்வரை காத்திரு. தேயிலைப் பாத்தியில் ஒன்று மேய்ந்து முடிப்பதற்காக ஒருநாள் இருபது நிமிடம் நின்றேன். அன்றைக்கு டைமிங் எழுதவில்லை.