வடுவூர் ஏரி மீன்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடையில் வடுவூர் ஏரி வற்றிவிடுகிறது. மறுபடி தண்ணீர் வந்ததும் மீன் எப்படி வந்துவிடுகிறது?

விரால், தேளி, பனையேறிக் கெண்டை மூன்றும் மேலே வந்து காற்றை விழுங்கும். ஈரச் சேற்றிலும் குட்டையிலும் கோடையை ஓட்டிவிடும். மற்றக் கெண்டைகளுக்கு அந்த வசதி கிடையாது. மேட்டூர் தண்ணீரோடு வாய்க்கால் வழியாகத்தான் வரவேண்டும். அதனால் ஏரியில் இருக்கும் பறவைகள் சரணாலயத்துக்குள் காவல் போட்டால் மட்டும் போதாது. புதுத்தண்ணீர் கண்டதும் சினைமீன்கள் மதகை எதிர்த்து ஏறும். அந்த நேரம் பார்த்து மதகு வாயில் கொசுவலை கட்டுகிறார்கள். சினையும் போகிறது, பொடிமீனும் போகிறது. பிடித்தே ஆகவேண்டுமென்றால் சரணாலயத்துக்கு வெளியே, பெரிய கண்ணி வலையை வாய்க்காலில் பாதி அகலத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

பிடித்தது குட்டி விராலா, குறவையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கக்கோட்டுச் செதில்களை, அதாவது உடம்பின் பக்கவாட்டில் வால்வரை ஓடும் கோட்டின் மேலுள்ள செதில்களை எண்ணுங்கள். விராலுக்கு ஐம்பதைத் தாண்டும்; குறவைக்கு நாற்பதை ஒட்டி நிற்கும். நிறத்தை நம்பவேண்டாம், தண்ணீருக்கேற்ப மாறும். நீர்மட்டத்தில் செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் கொப்பளித்தால் அது விரால். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அதைத் தூண்டிலில் எடுத்தால் குஞ்சு முழுக்க உளுவைக்கும் கொக்குக்கும்தான்.

தேளி குத்தினால் என்ன செய்வது?

விஷம் பக்கத் துடுப்பின் முள்ளில் இருக்கிறது. சூட்டில் அதன் வீரியம் குறையும். கழுவி, ஒடிந்த முள் இருந்தால் எடுத்துவிட்டு, குத்துப்பட்ட இடத்தை 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வரை வையுங்கள். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். மரத்த கை வெந்தாலும் தெரியாது. சுண்ணாம்பு வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிதான்.

வீட்டுத் தொட்டியில் வளர்ந்த சக்கர் மீனை ஏரியில் விடலாமா?

கூடாது. கரையைக் குடைந்து முட்டையிடும், முள் வலையைக் கிழிக்கும். கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். இன்னொரு வெளிநாட்டு மீனான ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்கவே தடை.

கல்லூரிக்காக மீன் பட்டியல் எடுக்கவேண்டும். எப்படி?

சரணாலயத்துக்குள் என்றால் முதலில் வனத்துறையின் எழுத்து அனுமதி. வெளி வாய்க்காலில் பிடித்ததை வெள்ளைத் தட்டில், தலை இடப்பக்கம் இருக்க, துடுப்பு விரித்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். மீசையை எண்ணிக் குறியுங்கள்: தேளிக்கு நான்கு ஜோடி, கட்லாவுக்கு ஒன்றும் இல்லை. தட்டில் கொஞ்சம் தண்ணீர் விடாவிட்டால் சிறு மீன்கள் செத்துவிடும். மீனைக் கெடாமல் மாதிரியாக வைக்க, கடை ஃபார்மலின் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு; கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள்.