வீடு விற்பனை விளம்பரத்தை வழமைக்கு மாறான நடையில் எழுதினால் வேலை செய்யுமா?

எங்களுடைய வீட்டுக்கு மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவது ஆட்களைக் கொண்டுவந்தது, வீடு விற்கவில்லை. இரண்டாவது மானத்தை வாங்கியது. மூன்றாவதில் விற்றது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், அம்மாவின் பெயரில் ஒரு தொடர்மாடி வீடு இருந்தது. 2018இல் அம்மாவின் முழங்கால் அடியோடு கைவிட்டது. தெஹிவளையில் அண்ணா வீட்டுக்குப் பக்கத்தில், படி ஏறத் தேவையில்லாத வீடு ஒன்றுக்குப் போவதென்று முடிவாயிற்று. விற்கும் பொறுப்பு என் தலையில்.

முதல் விளம்பரம், ஞாயிறு பத்திரிகையில் வாராவாரம் நீங்கள் பார்க்கிற அதே அச்சு: "கொழும்பு-06, காலி வீதிக்கு அண்மையில், சகல வசதிகளுடன் 2 அறை வீடு விற்பனைக்கு. தெளிவான உறுதி. தரகர் வேண்டாம்." (உறுதி என்றால் வீட்டுப் பத்திரம்.) இந்த நடையை நான் பழிக்க மாட்டேன். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு கட்டுகிற இடத்தில் வினைச்சொல்தான் முதலில் பலியாகும். கலியாண விளம்பரமும் இதே பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். வாசிக்கிறவர்களுக்கும் அகராதி மனப்பாடம். "அண்மையில்" என்றால் பத்து நிமிட நடை. "கடற்காட்சி" என்றால் பல்கனி மூலையில் நின்று கழுத்தை நீட்டினால் நீலமாக ஏதோ தெரியும். "தரகர் வேண்டாம்" என்றால் தரகர்மார்தான் முதலில் போன் எடுப்பார்கள்.

இரண்டு கிழமைக்குள் 40க்கு மேல் அழைப்பு. 11 குடும்பம் நேரில் வந்தது. பாதிப்பேர் இரண்டாம் மாடியிலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு "லிப்ட் இல்லையோ?" என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு ஐயா "எத்தனை பரப்பு?" என்று கேட்டார். பரப்பு என்பது அங்கே காணி அளக்கிற கணக்கு. ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச்சஸ், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. எங்களுடையது மொத்தம் 850 சதுர அடி. மூன்றில் ஒரு பரப்புக்கூட வராது, அதுவும் அந்தரத்தில். பாவம், மனுசன் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் போனார். ஒவ்வொருவர் வரும்போதும் அம்மா வீட்டைக் கூட்டித் துடைத்து, காலைத் தேய்த்துக்கொண்டு உட்காருவா. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இரண்டாவதை என் மச்சான் எழுதினான், முகநூலில் போட்டோம். "அலை தாலாட்ட, தென்றல் கதவு தட்ட, உங்கள் கனவுக்கு ஒரு முகவரி..." இப்படியே 12 வரி. எத்தனை அறை என்று எந்த வரியிலும் இல்லை. விருப்பக்குறிகள் குவிந்தன. ஒரே ஒருவர் போன் எடுத்து, இதை எழுதினது ஆர் என்று விசாரித்தார். மகளின் கலியாண அழைப்பிதழுக்கு நாலு வரி வேணுமாம்.

மூன்றாவதற்கு யோசனை தந்தது லண்டன்காரர் ஒருவரின் கதை. 1950, 60களில் ரோய் புரூக்ஸ் என்று ஒரு வீட்டுத் தரகர் அங்கே இருந்தார். ஞாயிறு பத்திரிகைகளில் அவர் போட்ட விளம்பரங்களில் வீட்டின் குறைகள்தான் முதலில் வரும்: கூரை ஒழுகுகிறது, அழுக்கு, உள் அலங்காரம் பார்க்கச் சகிக்காது. வீடு வாங்கும் எண்ணமே இல்லாதவர்களும் அதைத் தேடி வாசித்தார்களாம். அவரைப் போல நக்கலடிக்க எனக்கு வராது, அம்மாவும் விடமாட்டா. இருப்பதை இருக்கிறபடி எழுதினேன்:

"வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வீடு விற்பனைக்கு. லிப்ட் இல்லை, 54 படி. 850 சதுர அடி, இரண்டு அறை, ஒரு குளியலறை. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியில்தான். கடல் தெரியாது. கடல் காற்று வரும்; ஜன்னல் கம்பிகளை அது தின்றுவிட்டதால் போன வருடம் மாற்றினோம். ரயில் போகும்போது ரீவீ சத்தத்தைக் கூட்ட வேண்டும். பின்னேரம் நாலு மணி தொடக்கம் ஹோலில் வெயில். கார் நிறுத்த இடமில்லை. தண்ணீர் ஒருநாளும் நின்றதில்லை. உறுதி அம்மாவின் பெயரில், கடன் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் விற்கிறோம்."

கீழே விலையும் போட்டேன், "பேசித் தீர்மானிக்கலாம்" என்று மழுப்பாமல்.

முதலில் போன் எடுத்தது ஏற்கனவே எங்களைத் தெரிந்த ஒரு தரகர். "பிள்ளை, நீங்கள் வீடு விக்கிறீங்களோ, வீட்டில முறைப்பாடு குடுக்கிறீங்களோ?" என்றார். அதை எடுத்துவிட்டு விலையில் 5 இலட்சம் குறைத்தால் ஒரு கிழமையில் முடித்துத் தருவாராம். அவர் எங்களிடம் கேட்டிருந்தது 3 வீதம். 5 இலட்சம் குறைந்தால் அவருக்கு நட்டம் 15,000 ரூபாய், அம்மாவுக்கு மிச்சம் முழுவதும். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, கணக்கு அப்படி. லெவிட், சிவர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் சிகாகோ பக்கத்து வீட்டு விற்பனைகளை அலசி 2008இல் வெளியிட்ட ஆய்விலும் இதுதான் வந்தது. தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 வீதம் கூடுதல் விலைக்கு விற்றிருக்கிறார்கள்.

சரி, விளம்பரத்துக்கு வருவோம். இந்த முறை அழைப்பு ஒன்பதுதான். வந்து பார்த்தவர்கள் நாலு பேர், அதில் இரண்டு பேர் விலை சொன்னார்கள். லிப்ட் கேட்டவர் ஒருவரும் இல்லை. நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. போன் எடுத்தவர்களில் பலர் தண்ணீர் பற்றிய வரியைக் குறிப்பிட்டுச் சொன்னார்கள். வழமையான விளம்பரத்தில் "24 மணிநேர நீர்" என்று போட்டால் யாரும் கண்டுகொள்வதில்லை. இத்தனை குறையை ஒப்புக்கொண்ட வாய் இதைச் சொன்னதால் நம்பினார்கள்.

வாங்கினது கைக்குழந்தையோடு வந்த ஒரு இளம் சோடி. வேண்டுமென்றே நாலு மணிக்கு வந்தார்கள். அந்தத் தம்பி ஹோலின் நடுவில் நின்று வெயில் எதுவரைக்கும் வருகிறது என்று காலால் அளந்தார். தங்கச்சி நேரே சமையலறைக்குப் போய்ப் பைப்பைத் திறந்தா. பிறகு அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "அக்கா, 54 இல்லை, 55. வாசல் படியை விட்டிட்டீங்கள்."

ஒன்றை மட்டும் நான் எழுதாமல் விட்டிருந்தேன். அப்பா அந்த முன் அறையில்தான் செத்தவர். அம்மா அதை எழுத வேண்டாம் என்றா, எனக்கும் மனம் வரவில்லை. கடைசியில் அந்தத் தங்கச்சியே தயங்கித் தயங்கிக் கேட்டா, "செத்தவீடு ஏதும் நடந்ததோ அன்ரி?" என்று. இப்படி மறைத்ததற்கு வழக்கே நடந்திருக்கிறது. நியூயோர்க் மாநிலத்தின் நையாக் என்ற ஊரில், பேய் வீடு என்று பத்திரிகைகளுக்குச் சொன்ன சொந்தக்காரி, வாங்க வந்தவரிடம் மட்டும் அதை மறைத்துவிட்டா. 1991இல் நீதிமன்றம், சட்டத்தின் பார்வையில் அது பேய் வீடுதான் என்று சொல்லி ஒப்பந்தத்தை இரத்துச் செய்ய வாங்கினவருக்கு வழிவிட்டது. அம்மாவுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது. "ஓம் பிள்ளை, இவர் இந்தக் கட்டிலிலதான், நித்திரையில போனவர்" என்றா. அந்தப் பெண் கொஞ்ச நேரம் கட்டிலைப் பார்த்துவிட்டு, குழந்தையை அதில் கிடத்தி உடுப்பு மாற்றினா. இதை விளம்பரத்தில் எழுதியிருந்தால் அவர்கள் வந்திருப்பார்களோ என்று இன்றைக்கும் யோசிப்பதுண்டு.

நீங்களும் எழுதப் போகிறீர்கள் என்றால், உறுதி, கடன், விலை, பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றில் பகிடி விடாதீர்கள். அங்கே வாசிக்கிறவர் வழக்கறிஞராகவும் இருக்கலாம். என்ன நடையில் எழுதினாலும் கடைசியில் எல்லாம் உறுதி எழுதுகிற நொத்தாரிசின் மேசைக்குத்தான் போகும். 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்து வைக்காமல் இங்கே வீடு கைமாறாது. எங்கள் உறுதியை அவர் எல்லை, இலக்கம், பங்கு என்று ஒரே மூச்சில் வாசித்து முடித்தபோது அந்தத் தம்பி என் பக்கம் சாய்ந்து, "அக்கா, படிக் கணக்கு இதில இல்லையே" என்றார்.