கொடுத்தலைப் பற்றி ஆங்கிலத்தில் யாருடைய கவிதையைப் படிக்கலாம்?

நான் சொல்வது ஜார்ஜ் ஹெர்பர்ட். 1593இல் பிறந்து 1633இல், நாற்பது வயது நிறையும் முன்பே இறந்துபோனவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சார்பில் லத்தீனில் உரையாற்றும் பெரிய பதவியில் இருந்தவர், கடைசி மூன்று வருடங்களை சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் பெமர்ட்டன் என்ற சின்ன ஊரில் பாதிரியாராகக் கழித்தார். கவிதைகள் ‘தி டெம்பிள்’ என்ற புத்தகமாக அவர் இறந்த வருடமே வந்தன.

வள்ளல்களைப் புகழும் பாட்டை எதிர்பார்த்து இவரிடம் போகாதீர்கள். இங்கே கொடுப்பவர் கடவுள்; கவிஞர் வாங்கும் இடத்தில் நிற்கிறார். அங்கே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்.

‘லவ்’ என்ற தலைப்பில் மூன்று கவிதைகள் இருக்கின்றன. மூன்றாவதில், அன்பே விருந்து வைப்பவராக வாசலில் நின்று வரவேற்கிறது. வந்தவர் தயங்கிப் பின்வாங்குகிறார். “என்ன குறை?” என்று அன்பு கேட்கிறது. “இங்கே இருக்கத் தகுதியுள்ள விருந்தாளிதான் குறை.” “அது நீதான்.” “நன்றிகெட்டவன் நான், உங்களை ஏறிட்டுப் பார்க்கவும் முடியவில்லை.” அன்பு சிரித்தபடி கையைப் பிடிக்கிறது: “அந்தக் கண்களைப் படைத்தது யார்?” அவற்றைக் கெடுத்துவிட்டேனே என்கிறார் இவர். “அந்தப் பழியைச் சுமந்தது யார், தெரியாதா?” இயேசுவின் சிலுவையைத்தான் சொல்கிறது. சரி, அப்படியென்றால் நான் பரிமாறுகிறேன் என்கிறார்.

இந்த இடம் என்னை உலுக்கிவிட்டது. வாங்கிக்கொள்ளக் கூசுகிறவன் உடனே பதிலுக்கு ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வான். அன்பு விடவில்லை. உட்கார், சாப்பிடு என்கிறது. நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று கவிதை முடிகிறது. அந்தக் கடைசி வரியில் ஆறே சொற்கள், எல்லாம் குட்டிக் குட்டிச் சொற்கள்.

சில வருடங்களுக்கு முன் கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் படுத்துக் கிடந்தேன். பக்கத்து வீட்டு அக்கா தினமும் மதியச் சாப்பாடு கொண்டுவந்து வைப்பார். என்னைப் பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன ஆப்பிளையோ பிஸ்கட்டையோ போடாமல் நான் டப்பாவைத் திருப்பித் தந்ததே இல்லை. ஒருநாள் அவர் முகம் வாடிப்போய், “வெறும் டப்பாவாக் குடு தம்பி, நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?” என்றார். நன்றி என்று நான் நினைத்துச் செய்ததெல்லாம் அவருக்குக் காசு எண்ணி வைப்பதுபோல் பட்டிருக்கிறது. அதற்கு அப்புறம்தான் இந்தக் கவிதை எனக்குப் புரிந்தது.

‘தி புல்லி’யும் (கிணற்றில் நீர் இறைக்கும் கப்பிதான் புல்லி) நல்ல கவிதை. கடவுள் மனிதனுக்கு வலிமை, அழகு, அறிவு, மானம், இன்பம் எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்திலிருந்து ஊற்றிக்கொண்டே வந்து, அடியில் கிடந்த ஓய்வை மட்டும் நிறுத்தி வைத்துக்கொள்கிறார். அதையும் கொடுத்தால் மனிதன் பரிசிலேயே மயங்கித் தன்னிடம் வரமாட்டான் என்று. ரெஸ்ட் என்ற சொல்லுக்கு ஓய்வு, மிச்சம் என்ற இரண்டு பொருளும் உண்டு; கவிதை அதை வைத்தே விளையாடுகிறது.

ஆனால் எனக்கு ‘கிரேட்ஃபுல்னெஸ்’ இன்னும் நெருக்கம். இவ்வளவு கொடுத்தாயே, இன்னும் ஒன்றே ஒன்று கொடு, நன்றியுள்ள மனசு என்று தொடங்குகிறார். இதைத் தராவிட்டால் இதுவரை தந்ததெல்லாம் வீண் என்று பிச்சைக்காரனின் சாமர்த்தியத்தோடு வாதாடுகிறார். நன்றியைக்கூடக் கொடுத்தவரிடமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது! தோன்றும்போது மட்டும் நன்றி சொல்கிற மனசு வேண்டாம், நாடித்துடிப்பே துதியாக இருக்கிற மனசு வேண்டும் என்று முடிக்கிறார்.

படிப்பதாக இருந்தால் ‘லவ்’ மூன்றாவதில் தொடங்குங்கள். 18 வரிகள்தான். வாய்விட்டுப் படியுங்கள், இரண்டு குரலும் தனித்தனியாகக் கேட்கும். அதில் வரும் ‘மீட்’ என்ற சொல்லைப் பார்த்து இறைச்சி என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் காலத்தில் பொதுவாக உணவுக்கே அந்தப் பெயர்.