ஒரே வரிசை போதுமா?

கேள்வி: மும்பை மாநகராட்சி மருத்துவமனைகளில் யார், என்ன மொழி என்று பார்ப்பதில்லை, எல்லாருக்கும் ஒரே வரிசை. அப்படியிருக்க, தாராவிக்காரர்களுக்காகத் தமிழ் தெரிந்த ஆளைப் போடச் சொல்லி உங்கள் இதழ் எழுதுவது சலுகை கேட்பது ஆகாதா?
– வாசகர், செம்பூர்

பதில்: ஆகாது. வரிசையில் நிற்கும் வரைதான் எல்லாரும் ஒன்று. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் கதை மாறிவிடுகிறது.

நெஞ்சு கரிக்கிறது என்பது வேறு, நெஞ்சை அடைக்கிறது என்பது வேறு. திருநெல்வேலியிலிருந்து மகன் வீட்டுக்கு வந்த பெரியம்மா இரண்டுக்கும் நெஞ்சைத் தொட்டு 'தர்த்' (வலி) என்றுதான் சொல்வார். அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான். அடைக்கிறது என்றால் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும். வெளியே கூட்டம் நெருக்கும்போது அசிடிட்டி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டால் டாக்டரை மட்டும் குற்றம் சொல்ல முடியுமா?

எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. மராத்தி படிக்கிற பிள்ளையைப் பள்ளிக்கு லீவு போடவைத்துத் துணைக்குக் கூட்டிப்போகிறார்கள். அம்மாவின் வெள்ளைப்படுதலை ஒன்பது வயதுப் பையன் டாக்டருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எந்தத் தாய் அவனிடம் முழுதும் சொல்வாள்? பாதியை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வருவாள்.

நேரமும் அப்படித்தான். இட்லி அவித்து சைக்கிளில் விற்பவருக்குக் காலைதான் பிழைப்பு, ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவும் காலையில்தான். இது மாநகராட்சிக்கே தெரியும். 2022-இல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' என்னும் மாநகராட்சி கிளினிக்குகளை இரவு வரை திறந்து வைத்தது வேலைக்குப் போகிறவர்களை எண்ணித்தான்.

2020 ஏப்ரலில் தாராவிக்குள் கொரோனா நுழைந்ததை நினைத்துப் பாருங்கள். 'வீட்டிலேயே தனித்திரு' என்பதும் எல்லாருக்கும் பொதுவான விதிதான். ஒற்றை அறையில் எட்டுப் பேர், ஊருக்கே பொதுக் கழிப்பறை, எங்கே தனித்திருப்பது? பள்ளிக்கூடங்களையும் மண்டபங்களையும் முகாம்களாக்கினார்கள். தாராவியிலேயே கிளினிக் வைத்திருந்த தனியார் டாக்டர்களைச் சேர்த்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். அதைச் சலுகை என்று அன்று யாரும் சொல்லவில்லை.

தமிழ் உட்பட எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிற மாநகராட்சி இது. நாங்கள் கேட்பது ஓபிடியில் தமிழ் பேசும் ஒரு சேவிகா, அதாவது சுகாதாரப் பணியாளர். மருந்துச் சீட்டில் காலை, மதியம், இரவுக்குப் படம். அந்தப் படம் பீகாரிலிருந்து வந்த தொழிலாளிக்கும் உதவும்.

ஒருநாள் காலை ஓபிடி பெஞ்சில் உட்காருங்கள். பெரியவர்களுக்காகப் பேசும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுங்கள். அப்படியே பிரசுரிக்கிறேன்.