நாய் பிடிக்கும் வேலையில் இருப்பவர்கள் கேட்டவை

நகராட்சியில் நாய் பிடிக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பிடித்த நாயை அதே தெருவில் திரும்ப விட்டால் மக்கள் சண்டைக்கு வருகிறார்கள். என்ன பதில் சொல்வது?

விதி அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். 2023 விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ஊசி போட்ட நாய் இருக்கும் தெருவில் புது நாய் எளிதில் நுழையாது. அந்த இடம் காலியானால் ஊசி போடாத நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 22ஆம் தேதியே அதை மாற்றி, வெறி பிடித்தவை, மூர்க்கமானவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்தில் விடச் சொன்னது. அப்புறம் நவம்பர் 7 உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகியவற்றில் பிடித்ததை அங்கே திரும்ப விடக் கூடாது. ஆக, எங்கே பிடித்தோம் என்ற குறிப்புதான் இந்த வேலையில் முக்கியமான காகிதம். வார்டு எண் மட்டும் எழுதி வைத்த ஓர் ஊரில் இரண்டு தெருக்களின் நாய்கள் இடம் மாறிப்போய் ராத்திரி முழுக்கச் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். தெருப் பெயர், கடைப் பெயர், கைப்பேசியில் ஒரு படம், இவ்வளவும் வேண்டும்.

பழைய ஆட்கள் இடுக்கியும் கம்பிச் சுருக்கும்தான் வேகம் என்கிறார்கள். சரியா?

இல்லை. இரண்டுக்கும் விதியில் இடமில்லை. வலை, அல்லது கையால் பிடிப்பது. வேகம் என்பதும் பொய். கழுத்தில் கம்பி இறுகிய நாய் வாழ்நாளுக்கும் உங்கள் வண்டிச் சத்தத்தை மறக்காது, அடுத்த முறை தெருமுனையில் திரும்பும்போதே மொத்தக் கூட்டமும் குரைத்துக்கொண்டு ஓடிவிடும். விடியற்காலையில் போங்கள், நாய்கள் அவரவர் இடத்தில் படுத்திருக்கும், வெயிலும் இருக்காது. நேராகக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நடக்காதீர்கள். பக்கவாட்டில், எங்கேயோ போகிறவர் மாதிரி போங்கள். உறுமும் நாயைவிட, உடல் விறைத்து, வாயை மூடி, கண்ணின் வெள்ளை தெரிய ஓரக்கண்ணால் பார்க்கும் நாயிடம்தான் எனக்குப் பயம், அது சத்தம் போடாமல் கடிக்கும். தப்பிக்க வழியில்லாத மூலையில் எதையும் மடக்காதீர்கள். வலையில் விழுந்ததும் ஒருவர் மட்டும் பேசட்டும், மற்றவர்கள் வாயை மூடட்டும். கூண்டின் மேல் ஒரு பழைய துணி போர்த்தினால் பாதி நடுக்கம் நின்றுவிடும்.

வெறிநாய் என்று அடித்துக் கொல்லச் சொல்கிறார்கள். செய்யலாமா?

கூடாது. சந்தேகம் இருந்தால் தனியாக அடைத்துக் கண்காணிக்க வேண்டும். ரேபிஸ் என்றால் பெரும்பாலும் 10 நாளுக்குள் தானாகவே இறந்துவிடும். கொன்றால், விஷம் வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. (1960 வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான், டீ வடைக்கே பத்தாது.)

இதைவிட முக்கியம், நீங்கள் ஊசி போட்டிருக்கிறீர்களா? இந்த வேலைக்கு வருபவர்கள் கடிபடும் முன்னரே 0, 7, 21 அல்லது 28ஆம் நாள் என்று 3 ஊசி போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தாலும் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, மேலும் இரண்டு ஊசி. ஊசி போடாத ஆளை வண்டியில் ஏற்றும் அதிகாரி மீது எனக்குக் கோபம்தான் வரும்.

பாம்பு என்றும் எங்களையே கூப்பிடுகிறார்கள்.

போகாதீர்கள். அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. வனத்துறைக்கோ தீயணைப்புக்கோ சொல்லிவிட்டு, பாம்பு எங்கே போகிறது என்று தூரத்திலிருந்து கவனித்தால் போதும். பாம்பு பிடிப்பில் கைதேர்ந்த இருளர்கள் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். அந்தக் கை வீடியோ பார்த்து வராது.

தெருவில் சோறு வைக்கும் அம்மா எங்களைப் பிடிக்க விடமாட்டேன் என்கிறார்.

தடுக்க அவருக்கு உரிமையில்லை, உச்ச நீதிமன்றம் அதையும் சொல்லிவிட்டது. சோறும் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும். ஆனால் நான் அவரிடம் சட்டம் பேசமாட்டேன். எந்த நாய் சினையாக இருக்கிறது, எது போன வருடம் கருத்தடை ஆனது, எது கடிக்கும் என்று உங்கள் பதிவேட்டில் இல்லாததெல்லாம் அவருக்குத் தெரியும். முந்தின நாளே போய், எப்போது கொண்டுவந்து விடுவோம் என்று தேதி சொல்லுங்கள். அவர் கூப்பிட்டால் வலையே தேவைப்படாது, நாய் தானாக வரும்.